வீட்டு நீச்சல் தொட்டி: நீரைச் சோதித்த பின்னரே குழந்தைகளை இறக்குங்கள்

கோடை விடுமுறை தொடங்கியதும் எங்கள் குழந்தைகள் நலப் பிரிவுக்குச் சில குழந்தைகள் ஒரே விதமான தொல்லையுடன் வருகின்றனர். கண் சிவந்திருக்கும், தோல் வறண்டு அரிக்கும், சிலருக்கு இருமல் விடாது. விசாரித்தால், வீட்டு முற்றத்தில் புதிதாக ஒரு நீச்சல் தொட்டி வந்திருக்கும். இரும்புச் சட்டத்தில் தடித்த பிளாஸ்டிக் விரிப்பைப் பொருத்தித் தரைக்கு மேலே நிறுத்தும் தொட்டி அது. "குளோரின் கூடிவிட்டது போலும்" என்று கூறும் பெற்றோர், அன்றே குளோரின் இடுவதை நிறுத்தியும் விடுகின்றனர். பெரும்பாலும் அது தவறான முடிவு.

குளோரின் வாடை என்று நாம் நினைப்பது பெரும்பாலும் குளோரினின் வாடையன்று. குளிப்போரின் வியர்வையும் சிறுநீரும் குளோரினுடன் சேரும்போது குளோரமைன் என்னும் பொருள்கள் உருவாகின்றன. மூக்கைத் துளைக்கும் நெடிக்கும் கண் எரிச்சலுக்கும் இவையே முதற்காரணம். ஆஸ்துமா உள்ள குழந்தைகளுக்கு இருமலைத் தூண்டுவனவும் இவையே. அந்நீரில் கிருமியைக் கொல்லும் குளோரின் செலவழிந்து குறைந்திருக்கக்கூடும். அந்த நேரத்தில் குளோரினை நிறுத்தினால் கிருமிகள் தடையின்றிப் பெருகும். இறங்குமுன் சோப்பிட்டுக் குளிப்பதும், சிறு குழந்தைகளை அடிக்கடி கழிவறைக்கு அழைத்துச் செல்வதும் எந்த மருந்தைவிடவும் பயன் தரும்.

அடுத்தது பி.எச். எனப்படும் அமில-காரத் தன்மை. இது 7.2 முதல் 7.8 வரை இருத்தல் வேண்டும். கண்ணீரின் பி.எச். ஏறத்தாழ 7.4 என்பதால், நீர் அதற்கு அருகில் இருந்தால் கண் உறுத்துவதில்லை. அதனினும் முக்கியமான காரணம் ஒன்றுண்டு. நீரில் கரைந்த குளோரின் இரு வடிவங்களில் இருக்கும்; அவற்றுள் ஒன்றே கிருமியை விரைந்து கொல்லும். பி.எச். 7.5 ஆக இருக்கும்போது ஏறத்தாழப் பாதி அந்த வடிவில் இருக்கும். 8.5 ஆகிவிட்டால் பத்தில் ஒரு பங்குகூட இராது. நாம் இட்ட குளோரின் நீரில் இருந்தும் வேலை செய்யாது.

நம் ஊர்களில் இதுவே பெரும் சிக்கல். பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமானது, பைகார்பனேட் மிகுந்தது. இத்தகைய நீரைத் திறந்த தொட்டியில் நிரப்பினால் கரியமில வாயு வெளியேறி, பி.எச். தானே உயரும். பிளீச்சிங் பவுடரும் அதனைச் சற்று உயர்த்தும். வெளிநாட்டுத் தொட்டியுடன் வரும் கையேட்டில் முதலில் சமையல் சோடா சேர்க்குமாறு எழுதியிருக்கலாம். மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 80 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தால் மட்டுமே அது பொருந்தும். லாரித் தண்ணீர் அன்றைக்கு எங்கிருந்து வந்தது என்பதை யாரும் அறியார். ஆகவே சோதனைப் பட்டையால் பார்க்காமல் எதையும் சேர்க்க வேண்டாம். பி.எச். உயர்ந்திருப்பின், நீச்சல் குளத்துக்கென விற்கும் பி.எச். குறைப்பான் தூளை உறையில் குறித்த அளவின்படி சிறிது சிறிதாகச் சேர்த்து, பம்பை ஓடவிட்டுச் சில மணி நேரம் கழித்து மீண்டும் சோதியுங்கள். படிகாரம் கலங்கலைத் தெளிய வைக்கும், கிருமியைக் கொல்லாது.

பி.எச். சரியான பின்னரே குளோரின். கணக்கு எளிது. 3 மீட்டர் விட்டமுள்ள வட்டத் தொட்டியில் 60 சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் நின்றால் அது சுமார் 4,200 லிட்டர். (நான்கு டன்னுக்கு மேற்பட்ட எடை அது, பொறியாளரைக் கேளாமல் மொட்டை மாடியில் வைக்காதீர்கள்.) லிட்டருக்கு 2 மில்லிகிராம் வேண்டுமெனில் 8.4 கிராம் குளோரின் தேவை. 30 விழுக்காடு குளோரின் உள்ள பிளீச்சிங் பவுடரில் அது வெறும் 28 கிராம். கை நிறைய அள்ளிப் போடுவோர் இதை ஒருமுறை நிறுத்துப் பார்ப்பது நல்லது. பழைய பொட்டலத்தில் வீரியம் குறைந்திருக்கும். புதிய நீரில் உள்ள இரும்பும் அழுக்கும் ஒரு பகுதியை விழுங்கிவிடும். நீர் பழுப்பாக மாறினால் இரும்பே காரணம், வடிகட்டியை ஓடவிடுங்கள். ஒரு மணி நேரம் கழித்துச் சோதித்து, குறைவதை மட்டும் சேருங்கள். அளவு 4 மில்லிகிராமைத் தாண்டினால் குறையும் வரை யாரும் இறங்க வேண்டாம். நண்பகல் வெயில் சில மணி நேரத்தில் பெரும்பகுதிக் குளோரினை அழித்துவிடும். எனவே மாலையில் இடுவதும், ஒவ்வொரு முறை இறங்குமுன் சோதிப்பதும் தேவை. வடிகட்டி இல்லாத சிறு தொட்டிக்கு இந்தக் கணக்கெல்லாம் வேண்டா. அன்றன்று நீரைக் கொட்டிவிடுங்கள்.

கிருமி என்று பொதுவாகச் சொன்னோம். வெதுவெதுப்பான, குளோரின் இல்லாத நீரில் வாழும் ஒரு வகை அமீபா மூக்கின் வழியே மூளையை அடையக்கூடியது. மிக அரிதான நோய்; ஆயினும் கேரளத்தில் 2024-ஆம் ஆண்டில் சிறுவர்கள் இதனால் உயிரிழந்தனர். முறையாகக் குளோரின் இட்ட நீரில் அது பிழைப்பதில்லை. கிரிப்டோஸ்போரிடியம் என்னும் வயிற்றுப்போக்குக் கிருமியோ நல்ல குளோரின் நீரிலும் பல நாள் உயிரோடிருக்கும். ஆகையால் வயிற்றுப்போக்கு உள்ள குழந்தையைத் தொட்டியில் விடாதீர்கள். மலம் கலந்துவிட்டால் இவ்வளவு சிறிய தொட்டியின் நீரை முழுவதும் வெளியேற்றிக் கழுவுவதே உத்தமம்.

புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுவோர், உறுப்பு மாற்றம் செய்துகொண்டோர், தையல் பிரிக்காதோர், சிறுநீர்க் குழாயோ டயாலிசிஸ் குழாயோ பொருத்தப்பட்டோர், காலில் ஆறாத புண்ணுடைய நீரிழிவு நோயாளிகள் ஆகியோர் தங்கள் மருத்துவரின் ஒப்புதலின்றி இறங்கலாகாது. நீர் எவ்வளவு தெளிவாகத் தோன்றினாலும் இது பொருந்தும். கான்டாக்ட் லென்ஸைக் கழற்றிவிட்டே இறங்க வேண்டும்.

மருந்துகளைக் கையாளும்போது ஏற்படும் விபத்தே எங்களை மிகவும் அஞ்ச வைப்பது. பிளீச்சிங் பவுடருடன் அமிலம் சேர்ந்தால் நச்சுக் குளோரின் வாயு உடனே கிளம்பும். கழிவறை கழுவும் ஆசிட் சில துளிகள் பட்டாலும் போதும். இரண்டுக்கும் தனித்தனி வாளி, தனித்தனிக் கரண்டி, தனித்தனி அலமாரி இருக்கட்டும். வாளி நீரில் தூளை இடுங்கள். தூளின்மேல் நீரை ஊற்றாதீர்கள். வாயுவைச் சுவாசித்தவரை உடனே திறந்த வெளிக்குக் கொண்டு வந்து, மருந்து பட்ட ஆடையைக் களைந்து, கண்ணை ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, 108-ஐ அழையுங்கள். மூச்சுத் திணறல் சில மணி நேரம் கழித்தும் கூடக்கூடும் என்பதால், தேறிவிட்டார் என்று வீட்டிலேயே வைத்திருக்க வேண்டாம். வரும்போது அந்த மருந்துப் பொட்டலத்தின் உறையையும் பாதுகாப்பாக எடுத்து வாருங்கள். எதனுடன் எது கலந்தது என்பதை அறிய எங்களுக்கு அது உதவும்.