இலங்கையின் அரண் எது?

நீலகிரி ஜில்லாவில் கூடலூரை அடுத்த ஓவேலியின் தேயிலை மலைகளில், இலங்கையிலிருந்து திரும்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் வாழ்ந்து வருகின்றன. அவர்கள் வர நேர்ந்த காரணத்தை ஆராய்வோர்க்கு, ஒரு சிறிய தேசம் தன் ஆபத்தை எங்கே தேட வேண்டுமென்பது இனிது விளங்கும்.

இலங்கை சமுத்திர மார்க்கத்தின் நடுவே நிற்கும் தீவு. தேயிலையை உலகுக்கு விற்று, எண்ணெயும் மருந்தும் வெளியிலிருந்து வாங்கி வாழ்வது. 1942 ஏப்ரல் 5-ந் தேதி, ஈஸ்டர் ஞாயிறன்று, ஜப்பானிய விமானங்கள் கொழும்பின்மீது குண்டு வீசின. வெளிப்பகையின் கொடுமையை அத்தேசம் அன்றே கண்டது. ஆயினும் சுதந்தரம் பெற்ற 1948-ம் வருஷத்திலேயே அதன் ஆட்சியாளர் அஞ்சியது எவரைக் கண்டு? மலைநாட்டில் கொழுந்து பறித்த ஏழைத் தொழிலாளரைக் கண்டன்றோ! அவ்வருஷத்துப் பிரஜாவுரிமைச் சட்டம் லக்ஷக்கணக்கான தோட்டத் தமிழரை நாடற்றவராக்கிற்று. 1964-ல் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று பங்கிட்டது. அம்மக்களின் சம்மதத்தைக் கேட்டாரில்லை.

இதனால் இலங்கைக்கு க்ஷேமம் விளைந்ததா? சொந்தப் பிரஜைகளையே அந்நியராகக் கருதும் புத்தி வளர்ந்து, 1983 கலவரமாகவும் 2009 வரை நீடித்த யுத்தமாகவும் முற்றியது. 2017-ல் ஹம்பாந்தோட்டைத் துறைமுகம் சீனக் கம்பெனியொன்றின் கையில் 99 வருஷக் குத்தகைக்குப் போயிற்று. 2019 ஈஸ்டர் ஞாயிறன்று வெடித்த குண்டுகளால் 250 பேருக்கு மேல் மாண்டனர். இந்தியா முன்னரே எச்சரித்தும் அதிகாரிகள் வாளாவிருந்தனர். 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று அரசு கைவிரித்தது; ஜூலையில் ஜனாதிபதியே தேசத்தை விட்டோடினார். பகைவன் படையெடுத்தா இவை நேர்ந்தன? பிளவுபட்ட ஜனங்கள், வறண்ட கஜானா, உறங்கிய காவல் ஆகிய இம்மூன்றுமே அத்தேசத்தை வீழ்த்தின.

எஞ்சியிருந்த நாடற்றவர்க்குப் பிரஜாவுரிமை அளிக்க 2003-ல் இலங்கை சட்டம் இயற்றியது. அதை நாம் பாராட்டுகிறோம்; ஆனால் 55 வருஷத் தாமதத்தை எப்படி மறப்பது?

நம் ஸர்க்காருக்கும் இதில் படிப்பினையுண்டு. தாயகம் திரும்பியோர்க்கென 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் தொடங்கப்பட்டன. எனினும் 1969-ம் வருஷத்து ஜன்ம ஒழிப்புச் சட்டத்துக்குப் பின்னரும் நிலவுரிமை தீராமல், கூடலூர்ப் பிரதேசத்தில் பட்டாவின்றி வாழும் குடும்பங்கள் பல. ஒரு கரையில் நாடிழந்தவர் மறுகரையில் நிலமின்றி நிற்பது நீதியாகுமா? பீரங்கி எல்லையைக் காக்கலாம். தேசத்தைக் காப்பது, இது நம் நாடென்று கடைக்கோடிக் குடிமகனும் நம்பும் நம்பிக்கையேயாகும்.