குண்டு பல்பு சொன்ன இரகசியம்

எல்இடி வருவதற்கு முன் நம் வீடுகளில் மஞ்சளாக எரிந்த குண்டு பல்புகள் நினைவிருக்கிறதா? அவற்றுக்குள் வெறும் வெற்றிடம்தான் என்று நினைத்தவர்கள் அதிகம். வெளிச்சம் கூடிய பல்புகளில் இருந்தது ஆர்கான் வாயு. அது அங்கே போய்ச் சேர்ந்த கதை சுவையானது.

தொடக்ககால வெற்றிட பல்புகள் எரிய எரிய உள்ளே கறுத்தன. டங்ஸ்டன் இழை ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததே காரணம். வாயு நிரப்பினால் ஆவியாவது குறையும். ஆனால், அந்த வாயுவே இழையின் சூட்டைக் கடத்திச் சென்றுவிடும். எவ்வளவு கடத்தும்? அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் ஆய்வுக்கூடத்தில் 1909ல் சேர்ந்த இர்விங் லாங்மியூர் அதை அளக்க முனைந்தார்.

முறை எளிது. வாயுவின் நடுவே மெல்லிய கம்பியை வைத்து மின்சாரம் பாய்ச்ச வேண்டும். செலவாகும் மின்சக்தியே கம்பி இழக்கும் வெப்பம். தொல்லை என்னவென்றால், வெப்பம் வாயு வழியாக மட்டும் வெளியேறுவதில்லை, கதிர்வீச்சாகவும் போகிறது. கெல்வின் கணக்கில் வெப்பநிலை இரட்டிப்பானால் கதிர்வீச்சு 16 மடங்காகும். அதை வெற்றிடத்தில் தனியாக அளந்து கழித்தாக வேண்டும். சூடான வாயு மேலெழுந்து அள்ளிச்செல்லும் வெப்பம் வேறு இருக்கிறது!

அறை வெப்பநிலையில் ஆர்கான், காற்று கடத்துவதில் மூன்றில் இரண்டு பங்குதான் கடத்தும். ஹைட்ரஜனோ ஏறத்தாழ 7 மடங்கு. அதோடு, கம்பியின் சூடு சுமார் 1,700 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் ஹைட்ரஜனில் வெப்ப இழப்பு கணக்கை மீறி எகிறியது.

வேறொருவர் கருவியில் கோளாறு என்று விட்டிருப்பார். லாங்மியூர் விடவில்லை. கம்பியருகே ஹைட்ரஜன் மூலக்கூறுகள் வெப்பத்தை விழுங்கி அணுக்களாகப் பிரிகின்றன, தள்ளிப்போய் மீண்டும் சேரும்போது அதைக் கக்குகின்றன என்று 1912ல் விளக்கினார்.

பல்புக்கும் விடை கிடைத்தது. கம்பியைச் சுற்றிச் சூடான வாயுப் படலம் ஒன்று போர்வைபோல் நிற்பதால், இழையை நெருக்கமான சுருளாக்கினால் வெப்ப இழப்பு வெகுவாகக் குறையும். முதலில் நைட்ரஜன், பிறகு ஆர்கான் நிரப்பிய சுருள் இழை பல்புகள் உலகெங்கும் பரவின.

அணு ஹைட்ரஜனும் வீணாகவில்லை. 1920களில் அதைக் கொண்டு உலோகங்களைப் பற்றவைக்கத் தொடங்கினார்கள். மின்பொறியில் பிரிந்த அணுக்கள் உலோகத்தின்மேல் மீண்டும் சேரும்போது எழும் சூட்டில், பல்பு இழைக்கான டங்ஸ்டன்கூட உருகும்.