கம்பியில்லா வலையும் கைக்கருவியும்

வழிச்செல்வோர்க்கு வேண்டுவன காலந்தோறும் மாறி வருகின்றன. முற்காலத்தில் நெடுவழி நடந்தோர், நீர்நிலை எங்கே, நிழல் எங்கே, இரவில் தங்குதற்கேற்ற சத்திரம் எங்கே என்று வினவிச் சென்றனர். இருபத்தோராம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க ஐக்கிய நாடுகளிற் பயணஞ்செய்த வணிகரும் செய்தியாளரும் மாணவரும் புதியதொரு வினாவை எழுப்பலாயினர். 'இணையத்தோடு இணைக்கும் கம்பியில்லா வலை இவ்விடத்தில் உண்டோ?' என்பதே அவ்வினா. அலுவலகத்திலிருந்து வந்த மடல்களைப் படிக்கவும், எழுதி முடித்த செய்தியை உரிய நேரத்திற்குள் அனுப்பவும் அவ்வலை அவர்களுக்கு இன்றியமையாததாயிற்று. சத்திரத்தைக் கண்ணாற் காணலாம். வானலையைக் காண இயலுமோ? கண்ணுக்குப் புலனாகாத அதனைக் காட்டுதற்கென்றே ஒரு சிறு கைக்கருவி அந்நாளில் தோன்றியது. அதனை 'வைஃபை காட்டி' எனலாம்.

கம்பியில்லா வலை பரவிய வரலாறு நீண்டதன்று. வானொலி அலைகளை எவரும் தம் விருப்பம்போல் எழுப்புதல் கூடாது. அரசாங்கத்தின் உரிமம் பெற்றே எழுப்புதல் வேண்டும். எனினும் 1985 ஆம் ஆண்டில் அமெரிக்கக் கூட்டரசின் செய்தித்தொடர்பு ஆணையம், குறிப்பிட்ட சில அலைவரிசைகளில் வலுக்குறைந்த கருவிகள் உரிமமின்றி இயங்க இசைவளித்தது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை அவற்றுள் ஒன்று. அதிற் கணினிகள் ஒன்றோடொன்று பேசுதற்குரிய பொதுவிதிகள் 1997 இல் வகுக்கப்பெற்றன. 1999 இல் வேகம் மிகுந்த திருத்தம் வெளிவந்தது. 'வைஃபை' என்னும் பெயரும் அக்காலத்திலேயே வழங்கலாயிற்று. 2002 இல் ஸ்டார்பக்ஸ் காப்பிக்கடைகள் பலவற்றிற் கட்டணத்திற்கு இவ்வலை கிடைத்தது. 2003 இல் இன்டெல் நிறுவனம் 'சென்ட்ரினோ' என்னும் பெயரால் வைஃபை வசதியை மடிக்கணினிக்குள்ளேயே அமைக்க வழிசெய்தது. வானூர்தி நிலையங்களும் விடுதிகளும் நூலகங்களும் ஒன்றன்பின் ஒன்றாக இவ்வலையை அமைத்தன.

வலை மிகுந்தது, ஆயினும் அதனைத் தேடும் தொல்லை நீங்கவில்லை. மடிக்கணினியைப் பையிலிருந்து எடுத்து, விரித்து, அஃது இயங்கத் தொடங்கும் வரையில் ஒன்றிரண்டு நிமிடங்கள் காத்திருந்து, பின்னரே அவ்விடத்தில் வலை உண்டா இல்லையா என்பதை அறிதல் வேண்டும். இல்லையெனில் மீண்டும் மூடி, அடுத்த தெருவிற்குச் சென்று, மீண்டும் விரித்தல் வேண்டும். இவ்வாறு நான்கைந்து முறை செய்தால் மின்கலமும் தீரும், பொறுமையும் தீரும். இத்தொல்லையை நீக்க 2002 இல் இலண்டன் நகரில் மாட் ஜோன்ஸ் என்பவர் ஒரு வேடிக்கையான வழியை வகுத்தார். வலை உள்ள இடத்தைக் கண்டவர், அங்குள்ள சுவரிலோ நடைபாதையிலோ சுண்ணக்கட்டியால் ஒரு குறி வரைந்து செல்லவேண்டும். முதுகோடு முதுகு சேர்ந்த இரண்டு அரைவட்டங்கள் திறந்த வலையைக் குறிக்கும். முழுவட்டம் மூடிய வலையைக் குறிக்கும். 1930களின் பஞ்ச காலத்தில் வேலைதேடி அலைந்த அமெரிக்க நாடோடிகள், உணவிடும் இல்லங்களைப் பின்வருவோர்க்கு உணர்த்தச் சுவர்களிற் கிறுக்கிய குறிகளே இதற்கு முன்மாதிரி. கருத்து அழகியதே; ஆயினும் மழை பெய்தாற் குறி அழியும்; வலையின் உரிமையாளர் அதனை நிறுத்திவிட்டாற் குறி பொய்யாகும். ஆதலின் அலையையே நேராக உணரும் கருவியை மக்கள் நாடினர்.

அக்கருவி எதனை உணர்கின்றது என்பதை அறிந்தாலன்றி, நல்லது எது, அல்லது எது என்று பிரித்தறிதல் இயலாது. வைஃபை வலையைப் பரப்பும் பெட்டி வாய்மூடி இருப்பதில்லை. ஊரறிய முரசறைவோனைப் போல், நொடிக்கு ஏறத்தாழப் பத்து முறை தன் இருப்பை அறிவித்துக்கொண்டே இருக்கின்றது. அச்சிறு அறிவிப்பில் வலையின் பெயர் அடங்கியிருக்கும். அது பேசும் தடத்தின் எண் இருக்கும். கடவுச்சொல் இன்றி நுழையலாமா, நுழைதல் கூடாதா என்பதைத் தெரிவிக்கும் குறிப்பும் இருக்கும். கேட்கும் செவியும், கேட்டதைப் புரிந்துகொள்ளும் அறிவும் உடைய கருவிக்கு அவ்வொரு நொடியே போதும். இங்கேதான் கருவிக்கும் கருவிக்கும் உள்ள வேற்றுமை தொடங்குகின்றது. சில கருவிகளுக்குச் செவி உண்டு, அறிவு இல்லை.

2003 இல் கென்சிங்டன் நிறுவனம் விற்பனைக்குக் கொணர்ந்த காட்டி முன்தோன்றியவற்றுள் ஒன்றாகும். சட்டைப்பைக்குள் அடங்கும் தட்டையான அக்கருவியில் ஒரு பொத்தானும் சில சிறு விளக்குகளும் இருந்தன. பொத்தானை அழுத்தினால், அலையின் வலிமைக்கேற்ப விளக்குகள் ஒன்றோ இரண்டோ மூன்றோ எரியும். கணினியைத் திறவாமலே நடந்தவாறு வலையைத் தேட முடிந்தமையால் பயணிகள் அதனை விரும்பி வாங்கினர். ஆயினும் விளக்கு எதனைச் சொல்லும்? அலை உண்டு என்பதைச் சொல்லும்; அவ்வளவே. எரியும் விளக்கைக் கண்டு மகிழ்ந்து, மடிக்கணினியை விரித்து அமர்ந்தவர், அந்த வலை கடவுச்சொல்லாற் பூட்டப்பட்டிருப்பதைக் கண்டு ஏமாற்றமடைவது வழக்கமாயிற்று. நகரங்களில் வீடுதோறும் வலை பெருகப் பெருக, விளக்கு எரியாத தெருவே இல்லையென்றாயிற்று. எங்கும் எரியும் விளக்கினால் யாருக்கு என்ன பயன்?

மற்றொரு குறையும் விளக்குக் கருவிகளை வருத்தியது. 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசை வைஃபைக்கு மட்டும் உரிய தனிச்சொத்தன்று. கம்பியில்லாத வீட்டுத் தொலைபேசிகள் பலவும், புளூடூத் கருவிகளும் அதிலேயே இயங்கின. சமையலறையில் உணவைச் சூடாக்கும் நுண்ணலை அடுப்பும் அதே அலையையே எழுப்புகின்றது. அடுப்பின் ஆற்றல் சில நூறு வாட்டுகள். வைஃபை பெட்டியின் ஆற்றலோ ஒரு வாட்டில் பத்திலொரு பங்கு அளவே. ஆதலின் அடுப்பின் கதவிடுக்கிற் கசியும் மிகச்சிறு பகுதியும் மலிவான காட்டியை மயக்குதற்குப் போதுமானது. உணவு விடுதியில் யாரோ ஒருவர் சூப்பைச் சூடாக்க, வெளியே நிற்கும் பயணியின் கையில் விளக்கு எரிதல் கூடும்! இத்தகைய பிற அலைகளை விலக்கும் வடிப்பான் தம் கருவியில் உண்டு என்று விற்போர் விளம்பரஞ்செய்ததற்கு இதுவே காரணம்.

2004 இல் கேனரி என்னும் நிறுவனம் இக்குறையை நீக்கியது. அதன் கருவியில் விளக்குகளுக்கு மாறாகச் சிறிய எழுத்துத்திரை அமைந்திருந்தது. அலையின் வலிமையை அளப்பதோடு நில்லாமல், மேற்கூறிய அறிவிப்பையே அது படித்தது. வலையின் பெயர், வலிமை, தடத்தின் எண், பூட்டப்பட்டதா திறந்ததா என்னும் நான்கையும் திரையிற் காட்டியது. அறிவிப்பு இல்லாத அடுப்பும் தொலைபேசியும் அதனை ஏய்த்தல் இயலாதாயிற்று. விலை விளக்குக் கருவியினும் கூடுதலே. எனினும் விடுதியின் பெயரைத் திரையிற் கண்ட பின்னரே கணினியைத் திறக்கும் ஒருவர்க்கு, மிகுந்த அவ்விலை சில நாட்பயணத்திலேயே ஈடாகிவிடும். இவ்விரு வகையுள் ஒன்றைத் தேர்பவர், பையின் அளவையும் விலையையும் நோக்குவதற்கு முன், பெயரையும் பூட்டையும் சொல்லுமா என்பதையே முதற்கண் வினவுதல் தக்கது.

அடுத்து நோக்கத்தக்கது, கருவி எந்த அலைவரிசைகளைக் கேட்கின்றது என்பது. 5 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வேறொரு வகை வலை 1999 முதலே விதிகளில் இடம்பெற்றிருந்தது. எனினும் தொடக்கத்திற் சில அலுவலகங்களே அதனைக் கைக்கொண்டன. 2005 இல் சைக்செல் நிறுவனம் வெளியிட்ட காட்டி இரண்டு அலைவரிசைகளையும் கேட்டது. அன்றியும் அதனைக் கணினியின் யுஎஸ்பி துளையிற் செருகினால், அதுவே கணினிக்கு வைஃபை இணைப்பைத் தரும் கருவியாகவும் மாறியது. மின்கலத்திற்கும் அத்துளையின் வழியே மின்னேற்றிக்கொண்டது. தனி மின்கலங்களை மாற்றவேண்டிய வேலையும் பயணிக்கு இல்லாதொழிந்தது.

எந்தக் கருவியானாலும் அதனைப் பயன்படுத்துவதில் ஒரு நுட்பம் உண்டு. மனித உடலில் நீர் மிகுதி, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை நீர் உறிஞ்சிக்கொள்ளும். ஆதலின் கருவியை மார்போடு சேர்த்துப் பிடித்து மெல்லச் சுழன்று நின்றால், பெட்டி முதுகுப்புறம் இருக்கும்போது அலை தளரும். முகத்திற்கு எதிரே இருக்கும்போது மிகும். மிகும் திசையில் நடப்பதே வழி. இவ்வலையின் நீளம் ஏறத்தாழ 12.5 செண்டிமீட்டரே ஆதலால், சுவர்களிற் பட்டுத் திரும்பும் அலைகள் ஒன்றையொன்று வலுப்படுத்தும் இடமும் அழிக்கும் இடமும் அருகருகே அமைந்துவிடும். ஒரே ஓர் அடி தள்ளி அமர்வதனாலேயே அறுந்த இணைப்பு மீளுதல் உண்டு.

இனி, எத்துணைச் சிறந்த காட்டியும் சொல்லமாட்டாதவை சில உள. வலை திறந்திருக்கின்றது என்று அது சொல்லும். நுழைய உரிமை உண்டென்று சொல்லாது. கதவு திறந்திருக்கும் வீடெல்லாம் சத்திரமாகிவிடுமா? 2007 இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்து ஸ்பார்ட்டா என்னும் சிற்றூரில், ஒருவர் காப்பிக்கடையின் வெளியே தம் காரில் அமர்ந்தபடி அக்கடையின் திறந்த வலையைப் பயன்படுத்தி மடல்களைப் படித்து வந்தார். கடையிலிருந்து முறையீடு எழவில்லை. எனினும் காவலர் கண்டு வழக்குத் தொடுத்தனர். 400 டாலர் தண்டமும், 40 மணிநேரச் சமூகப்பணியும் அவருக்கு விதிக்கப்பட்டன. தம் செயல் குற்றமாகும் என்பதை அவர் அறிந்திருக்கவில்லை. உள்ளே சென்று உரியவரை ஒரு சொற் கேட்டிருந்தால் அத்தண்டத்திற்கு இடமேது?

திரையிற் காணும் பெயர் மெய்யானதுதானா என்பதையும் காட்டி அறியாது. வலைக்குப் பெயரிடுபவர் அதனை அமைப்பவரே. வானூர்தி நிலையத்தின் பெயரையோ விடுதியின் பெயரையோ தம் வலைக்கு ஒரு வஞ்சகர் சூட்டிக்கொள்வதைத் தடுப்பார் இல்லை. அதில் நுழைந்த பயணியின் செய்திகள் யாவும் அவ்வஞ்சகரின் பெட்டி வழியாகவே செல்லும். மடல்கள் மறைப்பின்றிச் சென்ற அந்நாளில், மெய்யான திறந்த வலையிலுங்கூட அருகிலிருந்த எவரும் அவற்றைக் கேட்டறிதல் எளிதாயிருந்தது. தொடக்கத்தில் அமைந்த பூட்டின் குறைபாட்டை 2001 இலேயே அறிஞர் வெளிப்படுத்தியிருந்தனர். உறுதியான பூட்டுகள் 2003, 2004 ஆம் ஆண்டுகளிலேதான் வந்தன. பழைய காட்டிகள் அவ்விரு வகைப் பூட்டையும் ஒன்றாகவே காட்டின.

இக்கருவிகளின் வாழ்நாள் குறுகியது. 2007 இல் ஐஃபோனும் 2008 இல் ஆண்ட்ராய்டு கைப்பேசியும் வெளிவந்தன. அருகிலுள்ள வலைகளின் பெயரையும் பூட்டுக்குறியையும் கைப்பேசியே வரிசையாகக் காட்டத் தொடங்கியபின், தனிக்காட்டியைச் சுமப்பார் எவர்? இன்று பழைய காட்டி ஒன்றைக் குறைந்த விலைக்கு வாங்குபவர், பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸை மட்டுமே அது கேட்கும் என்பதை மறத்தலாகாது. 5 கிகாஹெர்ட்ஸ் வலைகள் இப்பொழுது எங்கும் பரவியுள்ளன. 6 கிகாஹெர்ட்ஸையும் 2020 இல் அமெரிக்கா திறந்துவிட்டது. அத்தகைய காட்டியின் செவிக்கு இவை இரண்டும் எட்டா. கைப்பேசியிலும் வேற்றுமை உண்டு. வலைகளின் வலிமையையும் தடத்தையும் விரிவாகக் காட்டும் செயலிகள் ஆண்ட்ராய்டுக்குக் கிடைக்கின்றன. எனினும் 2018 இல் வந்த பதிப்பு முதல், இரண்டு நிமிடத்திற்கு நான்கு முறைக்கு மேல் தேடுதலை அது செயலிகளுக்கு மறுத்துள்ளது. அறையினுள் நடந்து அலையின் ஏற்றத்தாழ்வை அளக்க விழைவோர்க்கு இவ்வேகம் போதாது. ஆதலாற் பெரிய கட்டடங்களில் வலை அமைக்கும் தொழிலாளர் இன்றும் தனி அளவுகருவியையே கையில் ஏந்தி, மாடிதோறும் அறைதோறும் நடந்து அளந்து வருகின்றனர்.