ரத்தம் நின்ற பிறகும் மருந்து

பெருங்குடல் புண் அழற்சியை மூலம் என்று நினைத்துக் கைவைத்தியத்திலேயே காலத்தைப் போக்குகிறவர்களைப் பற்றிச் சென்ற வாரம் எழுதினேன். நோய் இன்னதென்று தெரிந்த பிறகு வரும் வருடங்களைப் பற்றி இந்த வாரம் எழுதுகிறேன். கடினமான பகுதி இதுதான்.

கெடா தமிழர்கள் இதைக் கவனமாகக் கேட்கக் காரணம் இருக்கிறது. பக்கத்திலிருக்கும் பேராக்கில், கிந்தா பள்ளத்தாக்கில் நடந்த ஆய்வொன்று 2015இல் வெளியானது. ஆண்டுதோறும் லட்சம் பேரில் புதிதாகக் குடல் அழற்சி நோய் (நம் நோயும் அதில் ஒரு வகை) காண்பது மலாய்க்காரரிடம் 0.35, சீனரிடம் 0.63, இந்தியரிடம் 1.91. எண்ணிக்கை சிறியது என்றாலும் நமக்கும் மற்றவர்க்கும் உள்ள இடைவெளி பெரியது. செய்வினை என்று சாமி பார்க்கப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை: இது யாரும் வைத்து வருவதில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தி தன் குடலையே பகையாக நினைத்துத் தாக்குவதால் வருவது.

தொடக்க மருந்து பெரும்பாலும் சல்ஃபாசலசின் அல்லது மெசலசின். முன்னதை மூட்டு வாதத்துக்காக உருவாக்கியவர் ஸ்வீடன் நாட்டு மருத்துவர் நானா ஸ்வார்ட்ஸ். 1940களிலேயே குடலுக்கும் அது கைகொடுத்தது. சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போனால் பயப்பட வேண்டாம், அது மாத்திரையின் நிறம். ஆண்களுக்கு விந்தணு குறையலாம். மருந்தை மாற்றினால் சரியாகிவிடும். குழந்தைக்குக் காத்திருக்கும் தம்பதிகள் கூச்சப்படாமல் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

ஆசனவாய் வழியாகச் செலுத்தும் எனிமாவைத்தான் பலர் பாதியில் விடுகிறார்கள். படுக்கப் போகுமுன் இடது பக்கமாகச் சாய்ந்து, வலது முழங்காலை மடக்கி, மருந்தை மெல்ல உள்ளே விட்டு, இரவு முழுதும் தங்கவிட வேண்டும். குடலின் கடைசிப் பகுதி இடது பக்கம் இருப்பதால் மருந்து புண்ணிலேயே போய்ப் படியும். இரண்டு அறை வீட்டில் ஆறு பேர் படுத்திருக்கும்போது இதைச் செய்வது எத்தனை சங்கடம் என்பது தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். மருந்து செலுத்தும் அரை மணி நேரத்துக்கு வீட்டார் அறையை ஒதுக்கிக் கொடுத்தால் பாதி வைத்தியம் முடிந்த மாதிரி.

நோய் முற்றும்போது பிரெட்னிசலோன் என்னும் ஸ்டீராய்டு தருவார்கள். 5 மில்லிகிராம் மாத்திரை எட்டு, காலையில் சாப்பிட்டதும். சில நாளில் மலத்தோடு போகும் ரத்தம் குறைந்து, பசி எடுத்து, முகம் உப்பும். ஆபத்து அப்போதுதான் தொடங்குகிறது. சிலர் குணமாகிவிட்டது என்று சட்டென நிறுத்துகிறார்கள். சிலர் நோய் தலைகாட்டும்போதெல்லாம் மிச்ச மாத்திரையைத் தாமாகவே விழுங்குகிறார்கள். இரண்டும் தவறு. வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்; வருடக்கணக்கில் தின்றால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும். இனிப்பு நீர் ஏற்கெனவே வீட்டுக்கு வீடு இருக்கும் சமூகம் நம்முடையது.

ஸ்டீராய்டு இல்லாமல் தாக்குப்பிடிக்க அசாதயோப்ரின் உண்டு. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். ஆசியரில் சிலருக்கு மரபணு அமைப்பினால் இது வெள்ளையணுவைக் கடுமையாகக் குறைத்துவிடும். அதனால் ரத்தப் பரிசோதனைக்கு ஒரு தேதியையும் தவறவிடக் கூடாது. அதற்கும் அடங்காவிட்டால் இன்ஃப்ளிக்சிமாப் போன்ற ஊசிகள். அதற்குமுன் காசநோய் மறைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முழங்கால் வலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை அடங்கியிருந்த நோயைக் கிளப்பிவிடலாம். என்ன மாத்திரை என்று கேட்காமல் விழுங்காதீர்கள்.

பாடாங் செராயிலிருந்தோ பீடோங்கிலிருந்தோ சுங்கை பட்டாணி பெரிய ஆஸ்பத்திரிக்கு வர ஒரு நாள் சம்பளம் போகும் என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் அரசாங்க நிபுணர் கிளினிக்கில் குடிமக்களுக்கு ஐந்து வெள்ளிதான் கட்டணம். வேலை இடத்துக்கும் ஒரு வேண்டுகோள்: கூலிம் தொழிற்சாலைகளின் மேற்பார்வையாளர்களே, இந்த நோயாளி கழிவறைக்கு ஓடும்போது கடிகாரத்தைப் பார்க்காதீர்கள்.

நோய் வெகுகாலம் பெருங்குடலின் பெரும்பகுதியில் நீடித்தால் புற்றுநோய்க்கு இடமுண்டு. அதனால் ரத்தம் நின்று நலமாக இருந்தாலும், நோய் தொடங்கி எட்டு வருடம் ஆனவர்கள் அடுத்த தேதியிலேயே டாக்டரிடம் கொலனோஸ்கோபி (குழாய்க் கேமராவால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) எப்போது என்று கேளுங்கள்.