விட்டதைப் பிடிக்க ஓடலாமா? ஏலத்தில் நேர்ந்த இழப்பை எதிர்கொள்ளும் வழி

மழைக்காலம் முடிந்த ஒரு காலைப்பொழுதில், நவி மும்பையில் உள்ள கிடங்கு ஒன்றின் முன் நமக்குத் தெரிந்த சிறு வணிகர் ஒருவர் நின்றிருந்தார். மின்-ஏலத்தில் எடுத்த சரக்கை அன்றுதான் அவர் முதன்முறையாகத் தொட்டுப் பார்க்கிறார். முன்வரிசைப் பெட்டிகளில் மிக்சிகளும் மின் அடுப்புகளும் புத்தம் புதியனவாக இருந்தன. பின்வரிசைப் பெட்டியை இழுத்தபோது அட்டை கையோடு பிய்ந்து வந்தது. கூரை ஒழுகி அடியில் நீர் தேங்கியிருந்ததால் மோட்டார்கள் துருவேறிக் கிடந்தன. நான்கு லட்சம் ரூபாய்க்கு எடுத்த சரக்கில் பெரும்பகுதி அப்படியே விற்பதற்கு உதவாது என்பது ஒரு மணி நேரத்தில் தெரிந்துவிட்டது.

அந்த நான்கு லட்சத்தில் ஒரு பகுதி, மனைவியின் நகைகளை அடகு வைத்துப் பெற்ற தொகை. அன்று மாலை நம்மிடம் பேசியபோது அவர் சொன்னது இதுதான்: "அடுத்த மாதம் இன்னொரு லாட் வருகிறது. அதில் விட்டதைப் பிடித்துவிடுவேன்."

ஏலத்தில் பொருள் எடுப்போர் பலர் ஏதேனும் ஒரு நாளில் இச்சொற்களைச் சொல்லியிருப்பார்கள். முதல் இழப்பைவிட, இச்சொற்களைத் தொடர்ந்து வரும் இரண்டாம் இழப்பே பல குடும்பங்களைச் சாய்க்கிறது. அதனைத் தவிர்ப்பது எப்படி என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பார்க்காத பொருளுக்கு விலை

அமெரிக்காவில் வீட்டுப் பொருள்களை வைக்கச் சிறு கிடங்கறைகளை மாத வாடகைக்கு விடும் வணிகம் பெரிய அளவில் நடைபெறுகிறது. வாடகை நிலுவையானால் உரிய அறிவிப்புக்குப் பின் அறையிலுள்ள பொருள்கள் ஏலத்துக்கு வரும். ஏலம் கேட்போர் வாசலில் நின்று எட்டிப் பார்க்கலாம்; உள்ளே சென்று பெட்டிகளைத் திறக்க இயலாது. 2010-ஆம் ஆண்டு தொடங்கிய 'ஸ்டோரேஜ் வார்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடர் இவ்வேலங்களை உலகறியச் செய்தது. புதையல் கிடைத்த அறைகளே பார்வையாளர் நினைவில் நிற்கின்றன. கிழிந்த மெத்தைகளும் உடைந்த நாற்காலிகளும் கிடந்த அறைகள் நிற்பதில்லை.

நம் நாட்டிலும் இதற்கு நெருங்கிய ஏலங்கள் உண்டு. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 48-ஆம் பிரிவின்படி, துறைமுகத்தில் இறக்கப்பட்டு 30 நாள்களுக்குள் விடுவிக்கப்படாத சரக்கை, இறக்குமதியாளருக்கு அறிவிப்பு அளித்து, சுங்க அதிகாரியின் அனுமதியுடன் விற்கலாம். கடன் நிலுவைக்காக வங்கிகள் கைப்பற்றிய வாகனங்கள், இயந்திரங்கள், கையிருப்புச் சரக்குகள், வீடுகள் ஆகியனவும் ஏலத்துக்கு வருகின்றன. பொதுத்துறை வங்கிகளின் சொத்து ஏலங்களுக்கென 2025 ஜனவரியில் 'பேங்க்நெட்' என்ற இணையதளம் புதுப்பொலிவுடன் தொடங்கப்பட்டது.

இவ்வேலங்கள் பெரும்பாலானவற்றுக்கும் பொதுவான நிபந்தனை ஒன்று உண்டு: "உள்ளது உள்ளபடியே, உள்ள இடத்திலேயே". பொருளின் தரத்துக்கு விற்பவர் உறுதி அளிப்பதில்லை. பார்வையிட நாள் ஒதுக்கப்படும். அந்நாளில் சென்று பார்க்க வேண்டியது வாங்குபவரின் பொறுப்பு. நம் நண்பருக்கும் அத்தகைய நாள் ஒன்று அளிக்கப்பட்டிருந்தது. அன்று அவர் செல்லவில்லை; படங்களைப் பார்த்தே விலை கேட்டார். ஆழம் தெரியாமல் காலை விட்டது அங்கேதான்.

வென்றவருக்கு வரும் சோதனை

இழப்பைக் கண்டவர் முதலில் தம்மையே நொந்துகொள்வார். ஆனால் ஏலத்தின் அமைப்பிலேயே ஒரு பொறி இருக்கிறது. மெக்சிகோ வளைகுடாவில் எண்ணெய் எடுக்கும் உரிமைகளுக்கான ஏலங்களை ஆராய்ந்த மூன்று பொறியாளர்கள் 1971-இல் இதனை விளக்கினர். ஒரே பொருளைப் பத்துப் பேர் மதிப்பிடுகையில் சிலர் குறைத்தும் சிலர் கூட்டியும் மதிப்பிடுவர். ஏலத்தில் வெல்பவர், பெரும்பாலும், எல்லோரினும் கூட்டி மதிப்பிட்டவரே. பொருளின் உண்மை மதிப்பு அவர் கணிப்பைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு மிகுதி. பொருளியலார் இதனை 'வென்றவரின் சாபம்' என்பர்.

ஆகவே, ஏலத்தில் வென்ற மகிழ்ச்சியோடு ஒரு கேள்வியும் எழ வேண்டும்: "மற்றவர்கள் ஏன் இந்த விலைக்கு முன்பே நிறுத்திக்கொண்டார்கள்?" நம் நண்பரோடு போட்டியிட்டவர்களுள் சிலர் பார்வையிடும் நாளில் கிடங்குக்குச் சென்று, பின்வரிசைப் பெட்டிகளையும் பார்த்திருக்கக்கூடும்.

முதல் வேலை கணக்கு எழுதுதல்

இழப்பு மனத்தில் இருக்கும்வரை அதற்கு எல்லை இல்லை. தாளில் எழுதிவிட்டால் அது ஓர் எண்ணாகிவிடுகிறது. நண்பரோடு அமர்ந்து நாம் எழுதிய கணக்கு இது. ஏலத்தொகை ரூ.4,00,000. ஏற்றுகூலி, இறக்குகூலி, லாரி வாடகை ரூ.38,000. இரண்டு மாதக் கிடங்கு வாடகை ரூ.12,000. ஆக மொத்தச் செலவு ரூ.4,50,000. அவர் ஜி.எஸ்.டி. பதிவு பெற்றவராதலால், செலுத்திய வரியை உள்ளீட்டு வரி வரவாகப் பெறுவார். அதனை இக்கணக்கில் சேர்க்கவில்லை. நல்ல பொருள்களை விற்றதில் வந்தது ரூ.2,40,000. எஞ்சியவை துருப்பிடித்த பெட்டிகள்.

இப்போது அவர் முன் இரண்டு வழிகள். அப்படியே பழைய இரும்பு வணிகருக்குக் கொடுத்தால் ரூ.60,000 கிடைக்கும். பழுது பார்த்து விற்றால் ரூ.1,20,000 கிடைக்கலாம். "இரு மடங்கு அல்லவா, பழுது பார்த்தே விற்கிறேன்" என்றார் நண்பர். பழுது பார்க்க ரூ.73,000, மேலும் இரண்டு மாத வாடகை ரூ.12,000 என எழுதியபோது, கையில் மிஞ்சுவது ரூ.35,000 மட்டுமே எனத் தெரிந்தது. உடனே விற்றால் மொத்த இழப்பு ரூ.1,50,000. காத்திருந்தால் ரூ.1,75,000, நகைக்கடனின் வட்டி தனி.

ஏற்கெனவே செலவான ரூ.4,50,000 இரண்டு வழிகளிலும் ஒன்றே. அது திரும்பாத செலவு. இனி வரப்போவதையும் இனிச் செலவாவதையும் மட்டும் ஒப்பிட்டே முடிவெடுக்க வேண்டும். "இவ்வளவு போட்டுவிட்டேனே" என்ற ஏக்கத்தை அக்கணக்கில் சேர்த்தால் விடை தவறிவிடும்.

சாணும் முழமும் ஒன்றல்ல

டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி என்ற உளவியலாளர் இருவர் 1979-இல் வெளியிட்ட ஆய்வு ஒரு நுட்பமான உண்மையைக் காட்டியது. ஆதாயம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கையில் மனிதர் எச்சரிக்கையாக நடக்கின்றனர். இழப்பில் நிற்கையிலோ, அதிலிருந்து தப்பும் ஆசையில், பெரிய துணிச்சலான முடிவுகளை எடுக்கின்றனர். "தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன" என்ற நம் பழமொழி அந்த மனநிலையையே படம்பிடிக்கிறது. ஆனால் பணக்கணக்கில் சாண் வேறு, முழம் வேறு. ஒன்றரை லட்சம் இழப்பிலிருந்து ஒரு குடும்பம் ஓராண்டில் மீளலாம். ஆறு லட்சம் இழப்பிலிருந்து மீள ஐந்தாண்டுகள் ஆகலாம்.

வரப்போகும் ஊதியத்தை எண்ணிக் கைமுதலை இழக்கும் செயலில் அறிவுடையோர் இறங்கார் என்பது வள்ளுவர் தரும் எச்சரிக்கை. இழப்புக்குப் பின் வரும் முதல் ஏலத்தில் இவ்வெச்சரிக்கை இருமடங்கு தேவை. எனவே இழப்பு நேர்ந்த பின், பழைய சரக்கு முழுவதும் விற்றுக் கணக்கு முடியும்வரை, புதிய ஏலத்தில் விலை கேட்பதில்லை என ஒரு விதியை வகுத்துக்கொள்வது நலம்.

வீடு, மனை ஏலங்களில் காலக்கெடு

அசையாச் சொத்து ஏலங்களில் இழப்பு வேறு வடிவில் வரும். சர்ஃபேசி சட்டத்தின் கீழுள்ள விதிகளின்படி, ஏலத்தில் வென்றவர் விலையில் 25 விழுக்காட்டை, முன்வைப்புத் தொகை உட்பட, அன்றே அல்லது அடுத்த வேலைநாளுக்குள் செலுத்த வேண்டும். எஞ்சிய 75 விழுக்காட்டை விற்பனை உறுதிசெய்யப்பட்ட 15 நாள்களுக்குள் செலுத்த வேண்டும். எழுத்து வழி உடன்பாட்டின் பேரில் இக்காலம் நீட்டிக்கப்படலாம், ஆனால் மூன்று மாதங்களைத் தாண்ட இயலாது. தவறினால் செலுத்திய தொகை பறிமுதலாகும். இவ்வாறு 25 விழுக்காடு முழுவதும் பறிமுதல் செய்யப்பட்ட வழக்கொன்றில், அது செல்லும் என 2024 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

ஆகவே கடனை நம்பி விலை கேட்போர், ஏலத்துக்கு முன்பே வங்கிக் கிளையை அணுகி, அச்சொத்துக்குக் கடன் கிடைக்குமா, எத்தனை நாள்களில் கிடைக்கும் எனக் கேட்டறிய வேண்டும். வென்ற பின் கடன் தேடுவது எருமை வாங்கும் முன் நெய்க்கு விலை பேசுவது போலாகும். வில்லங்கச் சான்று, சொத்து வரி மற்றும் மின்கட்டண நிலுவை, குடியிருப்போர் உளரா, வழக்கு நிலுவையில் உள்ளதா என்பனவற்றையும் முன்கூட்டியே பார்த்தல் வேண்டும்.

இழப்பைச் சட்டப்படி ஈடுசெய்தல்

இழப்பிலும் ஒரு சிறு ஆறுதல் வருமான வரிச் சட்டத்தில் உண்டு. வணிகத்தில் வந்த இழப்பை, சம்பளம் தவிரப் பிற வருமானத்தோடு பொதுவாக ஈடுசெய்யலாம். எஞ்சியதை எட்டு ஆண்டுகள் வரை வருங்கால வணிக வருமானத்தோடு ஈடுசெய்யலாம். முதலீடாக வாங்கிய சொத்தை விற்றதில் வந்த மூலதன இழப்பை மூலதன ஆதாயத்தோடு மட்டுமே ஈடுசெய்ய இயலும். அதற்கும் எட்டு ஆண்டுகள் உண்டு. இவ்வாறு முன்னெடுத்துச் செல்ல, அவ்வாண்டின் வருமான வரி விவர அறிக்கையை உரிய தேதிக்குள் தாக்கல் செய்திருக்க வேண்டும். ஏல உறுதிச் சீட்டு, லாரி வாடகை ரசீது, பழைய இரும்பு விற்ற பட்டியல் ஆகிய அனைத்தையும் பாதுகாத்து வையுங்கள்.

மறைக்க வேண்டாத மூவர்

இழப்பைக் குடும்பத்தாரிடமும், கணக்குப் பார்ப்பவரிடமும், கடன் தந்த வங்கியிடமும் மறைக்கலாகாது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையானால் கடன் வாராக்கடனாக வகைப்படுத்தப்படும். அதன்பின் வழிகள் குறுகிவிடும். முதல் தவணை தவறும் முன்பே கிளை மேலாளரைச் சந்தித்தால், தவணையை மாற்றியமைப்பது குறித்துப் பேச இடமுண்டு. ஏலம் என்ற பெயரில் போலி இணையதளத்தில் பணம் செலுத்தி ஏமாந்திருந்தால், தயங்காமல் 1930 என்ற எண்ணில் உடனே புகார் செய்ய வேண்டும்.

நம் நண்பர் துருப்பிடித்த பெட்டிகளை அவ்வாரமே விற்றார். கிடைத்த அறுபதாயிரத்தை நகைக்கடனில் செலுத்தி, இரண்டு வளையல்களை மீட்டார். மறுநாளே மனைவியிடம் முழுக் கணக்கையும் காட்டியதாகச் சொன்னார். அந்த ஒரு மணி நேரம் கிடங்கில் நின்ற நேரத்தைவிடக் கடினமாக இருந்ததாம்.

கணக்கு முடிந்து நான்கு மாதங்களுக்குப் பின் இன்னொரு லாட் அறிவிக்கப்பட்டது. இம்முறை பார்வையிடும் நாளில் கைவிளக்கோடு சென்று, அனுமதி பெற்றுக் கடைசி வரிசைப் பெட்டிகளையும் திறந்து பார்த்தார். செலவு அனைத்தையும் கழித்து, தாம் தரக்கூடிய உச்ச விலையை ஒரு தாளில் எழுதி மேசைமேல் வைத்துக்கொண்டார். ஏலம் அந்த எண்ணைக் கடந்ததும் கணினியை மூடிவிட்டார். சரக்கு வேறொருவருக்குப் போயிற்று. அன்று மாலை நம்மிடம் பேசியபோது விட்டதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. மீதமுள்ள நகைகளை எப்போது மீட்கலாம் என்பதையே கேட்டுக்கொண்டிருந்தார்.