மெர்சி என்றால் வேண்டாம்

எங்க தெருவுல ஒரு பிள்ளை இந்த வருஷம் பிரான்ஸுக்குப் போகிறாள். பதினாறு வயசு. பத்து மாதம் அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கி, அந்த ஊர் பள்ளிக்கூடத்தில் படிக்கப் போகிறாள். நானும் அதே வயசில் அப்படிப் போய் வந்தவள் என்பதால் அவள் அம்மா அவளை என்னிடம் அனுப்பிவைத்தார். "குளிர் தாங்க முடியுமாக்கா? சாப்பாடு எப்படிக்கா இருக்கும்?" என்று கேட்டாள். குளிருக்கு ஸ்வெட்டர் போட்டால் தீர்ந்தது. சாப்பாடும் நல்லாத்தான் இருக்கும். ஆனால் அந்த நல்ல சாப்பாட்டுக்கு முன்னாடி உட்கார்ந்து நான் ரெண்டு மாசம் பட்டினி கிடந்தேன். அது எப்படி என்று விளக்கத்தான் இந்தக் குறிப்பு.

முதலில் இந்த ஏற்பாட்டைப் பற்றிக் கொஞ்சம். மாணவர் பரிமாற்றத்தின் ஒரு வேர் பிரான்ஸில்தான் இருக்கிறது. முதல் உலகப் போரின்போது, 1915-ல், அமெரிக்க இளைஞர்கள் பிரெஞ்சுப் படைக்கு ஆம்புலன்ஸ் ஓட்ட ஒரு தன்னார்வ அமைப்பாகச் சேர்ந்தார்கள். அமெரிக்கன் ஃபீல்டு சர்வீஸ் என்று பேர். இரண்டாம் போரிலும் ஓட்டினார்கள். போர் முடிந்ததும் அதே ஓட்டுநர்கள், வெவ்வேறு நாட்டுப் பிள்ளைகள் ஒருத்தர் வீட்டில் ஒருத்தர் போய் இருந்து பழகட்டும் என்று முடிவு செய்தார்கள். 1947-ல் 52 மாணவர்கள் அமெரிக்காவுக்குப் போனார்கள். இன்றைக்கு ஏஎஃப்எஸ் என்று உலகம் முழுக்கத் தெரிவது அந்த அமைப்புதான். ரோட்டரி சங்கங்களும் இதே மாதிரி அனுப்புகின்றன. அதில் வருஷத்துக்குள் ரெண்டு மூணு வீடு மாறுவது வழக்கம்.

இந்த அமைப்புகளில் நம்மை வைத்துக்கொள்ளும் குடும்பத்துக்குக் காசு கிடையாது. வாடகை, சாப்பாட்டுச் செலவு எதுவும் வாங்குவதில்லை. எங்க அப்பாவால் இதைக் கடைசி வரை நம்ப முடியவில்லை. "சும்மா எவன் சோறு போடுவான்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அவர்களுக்கு வேண்டியது வீட்டில் இன்னொரு பிள்ளை. வாடகைக்கு இருப்பவள் வேண்டாம், விருந்தாளியும் வேண்டாம். இது எனக்குப் புரிய அக்டோபர் முடிந்துவிட்டது.

நான் போனது 2004-ல், பிரான்ஸின் மேற்குக் கோடியில் பினிஸ்தேர் மாவட்டத்தில் உள்ள கொங்கார்னோ. மீன்பிடித் துறைமுகம். ஒரு காலத்தில் மத்தி மீனை டப்பாவில் அடைக்கும் ஆலைகளால் வாழ்ந்த ஊர். 1902, 1903 வாக்கில் மத்தி வரத்து நின்று ஊரே பட்டினி கிடந்ததாம். மீனவக் குடும்பங்களுக்கு நிதி திரட்ட 1905-ல் தொடங்கியதுதான் 'நீல வலைகள்' திருவிழா. (அதன் நூறாவது வருஷம் 2005 ஆகஸ்ட். நான் ஜூலையில் கிளம்பிவிட்டேன். இன்னும் அந்த வருத்தம் உண்டு.) வீட்டில் அம்மா, அப்பா, பதினாலு வயசுப் பையன். பக்கத்துத் தெருவில் தாத்தா. நான் தூத்துக்குடிப் பக்கம் என்று தெரிந்ததும் தாத்தா முத்தைப் பற்றிக் கேட்டார். எங்க கடலில் கடைசியாக முத்துக் குளித்தது 1961-ல். அதுவும் நான் கடற்கரைக்காரி இல்லை. முக்கால் மணி நேரம் உள்ளே தள்ளி, கரிசல் காட்டில் பருத்தியும் உளுந்தும் விளையும் ஊர். எனக்குத் தெரிந்த ஒரே முத்து எங்க கணக்கு வாத்தியார்தான்.

சரி, பட்டினிக்கு வருகிறேன்.

நம்ம ஊரில் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் தடவை கேட்டால் "வேண்டாம்" என்போம். ரெண்டாவது தடவை "இப்பத்தான் சாப்பிட்டு வந்தேன்". மூணாவது தடவை அவர்களே தட்டில் வைத்துவிடுவார்கள். வேண்டாம் என்கிறவளுக்கும் வைக்கிறவளுக்கும் இந்த விளையாட்டு தெரியும். கொங்கார்னோவில் முதல் நாள் ராத்திரி அந்த அம்மா பாத்திரத்தை நீட்டி, இன்னும் கொஞ்சம் வேண்டுமா என்று கேட்டார். எனக்குத் தெரிந்த மரியாதையான ஒரே வார்த்தையைச் சொன்னேன்: "மெர்சி". நன்றி. பாத்திரம் அப்படியே அடுத்த ஆளுக்குப் போய்விட்டது.

பிரெஞ்சில் யாராவது ஒன்றைக் கொடுக்க வரும்போது வெறுமனே மெர்சி என்றால் பெரும்பாலும் 'வேண்டாம், நன்றி' என்றே எடுத்துக்கொள்வார்கள். வேண்டுமென்றால் "வீ, மெர்சி" என்றோ "வொலொன்ட்டியே" என்றோ சொல்லவேண்டும். பாடப் புத்தகத்தில் மெர்சிக்கு நன்றி என்றுதான் போட்டிருந்தது. தப்பில்லை. ஆனால் அதை வைத்துக்கொண்டு சாப்பிட முடியாது. ஒரு வாரத்தில் இந்த வார்த்தை விஷயம் பிடிபட்டது. பழக்கம்தான் போகவில்லை. நம்ம வழக்கப்படி "நோ(ன்), மெர்சி" என்று ஒரு தடவை மறுத்துவிட்டு ரெண்டாவது தடவைக்குக் காத்திருப்பேன். அது வரவே வராது. அங்கே வேண்டாம் என்றால் வேண்டாம்தான். திரும்பக் கேட்டால் அவள் பேச்சை மதிக்கவில்லை என்று ஆகிவிடும். அவர்களும் மரியாதைக்காரர்கள்தான், நானும் மரியாதைக்காரிதான். நடுவில் என் வயிறு காய்ந்தது.

ராத்திரிச் சாப்பாடு எட்டு மணிக்கு ஆரம்பித்தால் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓடும். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேஜை விரிப்பு மேலேயே வைப்பார்கள். கை ரெண்டும் மேஜை மேல் தெரியவேண்டும். வெண்ணெயில் உப்பு இருக்கும். ராஜாக்கள் காலத்து உப்பு வரியிலிருந்து அந்த மாகாணத்துக்கு விலக்கு என்பதால் வந்த பழக்கம் என்பார்கள். உப்பளத்து மண்ணிலிருந்து போன எனக்கு அது ஒன்றுதான் சொந்தம் மாதிரி இருந்தது. கோதுவரை மாவில் சுடும் காலெத்தும் பிடிக்கும். நம்ம கம்பு தோசைக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி. அந்த மேஜையில்தான் பிள்ளைகளுக்கு அன்றைய விசாரணை எல்லாம் நடக்கும். பள்ளிக்கூடத்தில் இருபதுக்குப் பன்னிரண்டு வாங்கினால் அங்கே பரவாயில்லாத மார்க். நான் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு வாயை மூடிக்கொள்வேன். சாப்பாடு முடிந்ததும் தொந்தரவு தரக்கூடாது என்று நேராக அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன்.

அடுத்த சிக்கல், கூப்பிடுவது. அந்த அம்மாவும் அப்பாவும் தங்களைப் பேர் சொல்லிக் கூப்பிடச் சொன்னார்கள். அதோடு 'வூ' (நீங்க) வேண்டாம், 'த்யூ' (நீ) போதும் என்றும் சொன்னார்கள். எங்க அம்மா வயசுக்காரரைப் பேர் சொல்லி 'நீ' என்று எப்படிச் சொல்வது? எங்க ஆச்சி தாத்தா பேரை ஆயுசுக்கும் உச்சரிக்காமல் காலம் தள்ளிய மாதிரி, நானும் கூப்பிடாமலே சமாளித்தேன். எதிரே போய் நின்று தொண்டையைச் செருமுவேன். பேச வேண்டியிருந்தால் 'வூ' தான். நான் மரியாதை கொடுப்பதாக நினைத்தேன். அவர் காதில் அது 'நீங்க எனக்கு வேத்து ஆளு' என்று விழுந்திருக்கிறது.

காலையும் ராத்திரியும் கன்னத்தோடு கன்னம் வைக்கும் 'பீஸ்' வேறு. இது ஊருக்கு ஊர் எண்ணிக்கை மாறும். பாரிஸில் ரெண்டு, தெற்கே சில இடத்தில் மூணு, பினிஸ்தேரில் பெரும்பாலும் ஒன்றோடு விட்டுவிடுவார்கள். அந்த ஒன்றுக்கே, அதுவும் அந்த அப்பாவிடம், நான் கட்டை மாதிரி நிற்பேன். இதைப் போனில் எங்க வீட்டுக்குச் சொல்லவே இல்லை.

அக்டோபர் கடைசியில் அமைப்பின் உள்ளூர்த் தொண்டர் ஒருத்தர் என்னைக் காப்பிக் கடைக்குக் கூட்டிப்போனார். "வீடு மாற விருப்பமா?" என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த அம்மா அவரிடம் அழுதிருக்கிறார். பிள்ளை எங்களோடு சாப்பிடமாட்டேன் என்கிறாள், பேர் சொல்லமாட்டேன் என்கிறாள், கதவைச் சாத்திக்கொள்கிறாள், எங்களைப் பிடிக்கவில்லை போல என்று. நான் நல்ல பிள்ளை என்று காட்டச் செய்த ஒவ்வொன்றும் அந்தப் புகாரில் வரிசையாக இருந்தது.

அன்றைக்கு ராத்திரி பாத்திரம் வந்தபோது "பசிக்குது, இன்னும் வேணும்" என்றேன். பிரெஞ்சு இலக்கணம் தப்பு. ஒன்றும் பேசாமல் ரெண்டு கரண்டி வைத்தார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை வந்தது. தட்டு, முள்கரண்டி எடுத்து வைப்பது என் பொறுப்பு. பையனோடு அதற்குச் சண்டை. ஒரு நாள் மறந்ததற்குத் திட்டும் வாங்கினேன். பேர் சொல்ல டிசம்பர் ஆனது. அதுவும் மாடியிலிருந்து சாவியைக் கேட்டுக் கத்தினபோது தன்னால் வந்துவிட்டது.

பிரான்ஸில் படித்த இந்தியப் பெண் பிள்ளை என்றால் எல்லோரும் தோரு தத்தைச் சொல்வார்கள். கல்கத்தாக்காரி. 1869-ல் பதிமூணு வயசில் போய் நீஸ் நகரத்துப் பள்ளியில் சில மாதம் படித்து, பிரெஞ்சிலேயே ஒரு நாவல் எழுதிவைத்து 21 வயசில் இறந்துபோனாள். அது 1879-ல் பாரிஸில் அச்சாகியது. பெரிய சாதனைதான். ஆனால் அவள் அப்பா, அம்மா, அக்காவோடு போனவள். யாரோ ஒரு வீட்டு மேஜையில் 'வீ' சொல்லலாமா 'நோ(ன்)' சொல்லலாமா என்று முழிக்கும் கஷ்டம் அவளுக்கு இருந்திருக்காது என்றுதான் எனக்குத் தோன்றும்.

இதெல்லாம் சொன்னபோது பிள்ளை தலையாட்டிக் கேட்டுக்கொண்டாள். சரி, பழகிப் பார்ப்போம் என்று சுளகில் இருந்த முறுக்கை நீட்டி, வேணுமா என்றேன். "வேண்டாம்க்கா" என்றாள். உள்ளே எடுத்துக்கொண்டு போய்விட்டேன். அவள் முகம் போன போக்கைப் பார்க்கணும். இப்போது தினமும் சாயங்காலம் வருகிறாள். "எனக்கு ரெண்டு வேணும்" என்று கேட்டு வாங்கித் தின்கிறாள். நேற்று அவள் அம்மா இதை வாசலில் நின்று பார்த்துவிட்டு, "அடுத்தவங்க வீட்ல வாய்விட்டுக் கேக்குதா பாரு, வெக்கங்கெட்ட கழுத" என்று திட்டினார். இன்னும் மூணு வாரம் இருக்கிறது. அம்மாவையும் உட்கார வைத்துச் சொல்லணும்.