பிடித்த எலியை விடுவிப்பது ஏன்?

வயலில் பொறி வைத்துப் பிடித்த எலியை உயிருடன் அவ்விடத்திலேயே விடுவதைக் காணும் கமக்காரர் பலர் வியப்படைவர். பயிரின் பகையைக் கைவிடுதல் தகுமோ என வினவுவர். வயலிலுள்ள எலிகளின் தொகையை அறிதற்காகவே இவ்வாறு செய்யப்படுகின்றது.

பொறியில் அகப்படுபவை வயல் எலிகளுள் ஒரு பகுதியே. பகலில் வளைகளில் மறைந்திருக்கும் அவற்றை நேரில் எண்ணுதல் இயலாது. ஆகவே, உத்தியோகத்தர்கள் மாலையில் வரம்போரமாக 10 மீற்றருக்கு ஒன்றாகக் கூட்டுப்பொறிகளை வைத்து, தேங்காய்ச் சொட்டு இடுவர். மறுநாள் வெயில் ஏறுமுன் எலிகளை எடுத்து, முதுகு மயிரிற் சிறிது கத்தரித்து அடையாளமிட்டு விடுவர். சில நாட்களின் பின் மீண்டும் பொறி வைப்பர்.

உதாரணமாக, முதன்முறை 20 எலிகள் அடையாளமிடப்பட்டன எனக் கொள்வோம். இரண்டாம் முறை அகப்பட்ட 25 எலிகளுள் 5 மாத்திரம் அடையாளமுடையவை. அஃதாவது ஐந்தில் ஒரு பங்கு. எனவே, முதலில் விட்ட 20 எலிகளும் மொத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். வயலில் ஏறக்குறைய 100 எலிகள் உள்ளன என்பது இதனாற் பெறப்படும். டென்மார்க்கு அறிஞர் பீற்றர்சன் 1896 இல் மீன்களை அடையாளமிட்டு ஆராய்ந்த முறையே இதற்கு அடிப்படையாகும்.

அடையாளமிட்ட எலிகளைக் கொன்றால், இரண்டாம் முறை அவை குறைவாகவே அகப்படும்; கணக்கு உண்மைத் தொகையிலும் கூடிவிடும். ஆகவே, ஆய்வு முடியும்வரை பொறிகளை அசைக்காதீர்கள். அகப்பட்ட எலிகளைக் கொல்லாதீர்கள். அடையாளமிட்ட எலி இறந்து கிடப்பின் போதனாசிரியருக்கு அறிவியுங்கள்.

இதனால் உங்களுக்கு என்ன பயன்? பயிர் குடலைப் பருவத்தை அடைந்து கதிர் ஈனும்போது, உணவு மிகுவதால் எலிகளும் பெருகும். அதற்கு முன்னரே தொகையை அறிந்தால் காலந் தாழ்த்தாது செயற்படலாம். வரம்புகளைத் துப்புரவாக்குதல், வளைகளை வெட்டுதல், பொறி வைத்தல் ஆகியவற்றை அயல் வயற்காரர் அனைவரும் ஒரே வேளையிற் செய்தல் வேண்டும். ஒருவர் மாத்திரம் அழிப்பின், அயல் வயல் எலிகள் அங்கு குடிபுகும். பின்னர் மீண்டும் கணக்கெடுத்தால், உங்கள் முயற்சி பலித்ததா என்பது தெளிவாகும்.

எச்சரிக்கை: எலியின் சிறுநீர் கலந்த நீராலும் சேற்றாலும் எலிக்காய்ச்சல் பரவும். 2008 இல் இலங்கையில் 7,000 பேருக்கு மேல் இந்நோய்க்கு ஆளாகியிருக்கலாமென அறிவிக்கப்பட்டது. எலியை வெறுங்கையாற் தொடாதீர்கள். புண்ணுள்ள காலுடன் சேற்றில் இறங்காதீர்கள். காய்ச்சல் கண்டால் உடனே வைத்தியரிடம் சென்று, வயலில் வேலை செய்ததையும் கூறுங்கள்.